ஆறு மண்டலமும் ஓகே

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்த நாட்களில், பொன்முடி அடிவாரத்தில், தண்ணீர் இல்லாமல் வெள்ளரியைக் காயவிட்டவன் நான். வெளியே கல்லாறு பாறைகளை மூடிக்கொண்டு ஓடுகிறது. மலையேறும் சாலையின் 22 கொண்டை ஊசி வளைவுகளிலும் புதிது புதிதாக நீர் கொட்டுகிறது. சுவரில் பாசி, செருப்பில் பூஞ்சை, தீக்குச்சி பற்றுவதில்லை. என்னுடைய மழைமறைக்குள் மட்டும் சாலட் வெள்ளரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. அதே வாரத்தில் என் நோட்டில் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: “பாசனப் பெட்டி முழுப் பரிசோதனை முடிந்தது. ஆறு மண்டலமும் ஓகே.” கீழே இரட்டைக் கோடு வேறு.

பரிசோதனை செய்யத் தெரியாதவன் என்றால் மன்னித்துவிடலாம். வேலையில் இருந்த காலம் முழுக்கத் தொலைபேசித் துறையில் கேபிள் பழுது பார்த்தவன் நான். மண்ணுக்கடியில் ஓடும் கம்பி எங்கே அறுந்தது, எங்கே ஈரம் ஏறியது என்று மேலே நின்றே கணக்குப் போட்டுச் சொல்வது எங்கள் தொழில். பிரிட்ஜ், மெக்கர் என்ற இரண்டு அளவைக் கருவிகள் இருந்தால் போதும், இந்த இடத்தில் தோண்டு என்று கைகாட்டலாம். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு வகுப்பும் எடுத்திருக்கிறேன். அந்த வகுப்பின் முதல் பாடம் இந்தக் கதையில் பின்னால் வருகிறது; வரும்போது நான் தலைகுனிந்துகொள்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கல்குளம் பக்கம். அப்பா பேச்சிப்பாறைத் தண்ணீரில் நெல் விளைவித்தவர். 1906-இல் கட்டி முடித்த அணை அது. கட்டிய மிஞ்சின் என்ற வெள்ளைக்காரப் பொறியாளரை ஊரில் மூக்கன் துரை என்பார்கள்; அணைக்குப் பக்கத்திலேயே அவரைப் புதைத்திருக்கிறார்கள். 1956 நவம்பர் வரை கல்குளமும் பொன்முடியும் ஒரே ஆட்சிக்குக் கீழேதான் இருந்தன. மலையும் ஒன்றுதான்: அகத்தியமலைத் தொடரின் மேற்குச் சரிவில் இங்கே வாமனபுரம் ஆறு இறங்குகிறது, தெற்கே கோதையாறு இறங்குகிறது. அப்பாவின் பரிசோதனை முறை சுலபமானது. ராத்திரி டார்ச்சும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு வாய்க்கால் ஓரமாக நடப்பார். தண்ணீர் காலில் பட்டால் வருகிறது. படவில்லையென்றால் மேலே யாரோ மடையை அடைத்திருக்கிறார்கள்; போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவார். இதைப் பார்த்து வளர்ந்த நான், படித்து வேலைக்குப் போன திமிரில், “இதெல்லாம் கருவி வைத்துச் செய்கிற காலம் வந்துவிட்டது” என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

ஓய்வுபெற்றதும் விதுரையைத் தாண்டி, கல்லாறு போகும் வழியில், ஒரு சரிவு நிலம் வாங்கினேன். பொன்முடி உச்சி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,100 மீட்டர். நாங்கள் அதற்கு வெகு கீழே. ஆனால் மேகம் எங்களையும் விடுவதில்லை. “இவ்வளவு மழை பெய்யிற ஊர்ல சொட்டுநீர் எதுக்கு?” என்று மனைவி கேட்டாள். தை, மாசியில் ஓடை மெலிந்துவிடும், மிளகு நாற்றும் பயறும் பட்டுப்போகும் என்றேன். அது உண்மைதான். “அதுமட்டும் இல்ல, மழைமறைக்குக் கூரை இருக்கு. மழை உள்ள விழாது. அதனால உள்ள இருக்கிற செடிக்கு வருஷம் முழுக்க நாமதான் தண்ணி விடணும்” என்றும் விளக்கினேன். இந்த வாக்கியத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சொன்ன நான் வைத்துக்கொள்ளவில்லை.

மழைமறை என்பது இந்தப் பக்கத்துக்காரர்கள் வெளியூராருக்கு விளக்க வேண்டிய பொருள். இரும்புக் குழாயில் சட்டம் அடித்து, மேலே பாலித்தீன் போர்த்தி, நான்கு பக்கமும் திறந்துவிட்ட கொட்டகை. அடைமழையில் காய்கறி அழுகாமல் இருக்கக் கேரளத்தில் வேளாண் துறையே ஊக்குவிக்கும் ஏற்பாடு. அதற்குள் வெள்ளரி, வெளியே பயறு, மிளகு நாற்று, ஆந்தூரியம், கீழ்த்தட்டில் கொஞ்சம் கத்தரி. மேல்சரிவில் டேங்க். டேங்குக்கும் கீழ்த்தட்டுக்கும் பதினைந்து மீட்டர் இறக்கம். பத்து மீட்டர் இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும், ஆகவே மோட்டாரே வேண்டாம். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயரும்.

அக்கம்பக்கத்தில் நான் சொல்லித் தீர்த்த கதைகளுக்கு அளவில்லை. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 2004-இலிருந்து தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் 400 ஹெக்டேரில் நுண்ணியப் பண்ணையம் நடத்திக் காட்டியதை, ஏதோ நானே முன்னின்று நடத்தியதாகத் தோன்றும்படி பேசுவேன். ரப்பர் வெட்டுகிறவர்கள், தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள், எல்லாரும் மரியாதையாகக் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போய் வாளியில் தண்ணீர் ஊற்றுவார்கள்.

பெட்டிக்கு வருவோம். சுவரில் மாட்டும் சின்னப் பெட்டி. உள்ளே ஒரு மின்மாற்றி, 230 வோல்ட்டை 24 ஆக்கும். அதிலிருந்து ஆறு மண்டலத்துக்கும் ஆறு கம்பி, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கம்பி. ஒவ்வொரு மண்டலத்தின் தலையிலும் ஒரு சோலனாய்டு வால்வு. கம்பியில் மின்சாரம் போனால் சுருளுக்குள் இருக்கும் சிறு தண்டு மேலே எழும், வால்வுக்குள் உள்ள ரப்பர் தகடு விலகும், தண்ணீர் போகும். நிறுத்தினால் மூடும். பரிசோதனைப் பொத்தான் ஒன்றும் உண்டு. அழுத்தினால் ஒவ்வொரு மண்டலத்தையும் இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்து, சுருளில் மின்சாரம் ஒழுங்காகப் பாய்ந்தால் ஓகே என்று எழுத்தில் காட்டும். கவனிக்க: மின்சாரம் பாய்ந்தால். தண்ணீரைப் பற்றி அந்தப் பெட்டிக்கு எதுவும் தெரியாது. டேங்க் காலியாக இருந்தாலும் ஓகே. வடிகட்டியில் இலை அடைத்திருந்தாலும் ஓகே. குழாயைக் காட்டுப்பன்றி கிளறிப் போட்டிருந்தாலும் ஓகே. இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். ஆனால் ‘ஓகே’ என்ற எழுத்தைப் பார்க்கும்போது அறிவு ஓய்வெடுத்துக்கொள்கிறது.

முதல் சறுக்கல் கோடையிலேயே வந்துவிட்டது. கம்பி வாங்கப் போன இடத்தில், ஆக்கிரி என்கிற பழைய சாமான் கடை வாசலில், பழைய தொலைபேசிக் கேபிள் ஒரு சுருள் கிடந்தது. பார்த்ததும் மனம் பொங்கிவிட்டது. அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பி, நிறம் நிறமாக ஜோடி ஜோடியாக, உள்ளே ஜெல்லி அடைத்தது. வாங்கிவந்து அதையே புதைத்தேன். அருகிலிருந்த ஐந்து மண்டலமும் திறந்தன. நூறு மீட்டர் தள்ளிக் கீழ்த்தட்டில் இருந்த ஆறாவது வால்வு திறக்கவில்லை. தேனீக் கூட்டுக்குள் இருந்து வருகிற மாதிரி ஒரு முனகல் மட்டும் கேட்டது. வால்வு கெட்டது என்று தீர்ப்பு எழுதி, கழற்றிப் பிரித்து, கழுவி, திரும்ப மாட்டினேன். முனகல். சுருளை அளந்தேன், முப்பது ஓம் சொச்சம், நல்ல சுருள். புது வால்வு வாங்கி மாட்டினேன். அதே முனகல், இன்னும் கொஞ்சம் தெளிவாக.

இப்போது கணக்கைப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் கேபிளில், போகவர இரண்டு கம்பிக்கும் சேர்த்து, கிலோமீட்டருக்குச் சுமார் 170 ஓம். இந்த எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நூறு மீட்டருக்கு 17 ஓம். சோலனாய்டு தண்டை முதலில் இழுக்கும் நொடியில் கிட்டத்தட்ட 0.4 ஆம்பியர் கேட்கும். ஒருமுறை இழுத்துவிட்டால் பிடித்துவைக்க அதில் பாதி போதும். 17-ஐ 0.4-ஆல் பெருக்கினால் ஏழு வோல்ட் கம்பியிலேயே தீர்ந்துபோகிறது. மிச்சம் 17 வோல்ட்டோடு வால்வு என்ன செய்யும், முனகும். தொலைபேசியில் போகும் மின்சாரம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அதனால்தான் அந்த மெல்லிய கம்பி அங்கே கிலோமீட்டர் கணக்கில் போதுமாக இருந்தது. வாழ்நாள் முழுக்க மனப்பாடமாக வைத்திருந்த எண், தேவைப்பட்ட ஒரே நாளில் எனக்கு உதவிக்கு வரவில்லை. விளக்கமாகச் சொன்னது எலக்ட்ரிக் கடைப் பையன். “சாரே, கம்பி கனம் போரா” என்றான். தடித்த கம்பி வாங்கி ஆறாம் மண்டலத்துக்குத் தனியாகப் புதைத்தேன். கழற்றிய பழைய வால்வை, நல்லது என்று தெரிந்தபின், நான்காம் மண்டலத்தில் மாட்டினேன். அம்புக்குறியைப் பார்க்காமல் தலைகீழாக. அது மூடாது. அதைப் பற்றி இந்தக் கட்டுரையில் மேற்கொண்டு பேசுவதாக இல்லை.

அடுத்து இடிமின்னல். சித்திரை, வைகாசிக் கோடைமழையிலும் ஐப்பசியின் துலாவர்ஷத்திலும் கேரளத்தில் மதியத்துக்கு மேல் வானம் உடையும். பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 வரை கவனமாக இருங்கள், மின்கருவிகளின் இணைப்பைத் துண்டியுங்கள் என்று மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரிக்கை விடும். முதல் இடி கேட்டதும் டிவி, ஃபிரிட்ஜ், மோடம் என்று ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடுவது இங்கே ஒரு குடும்ப வழக்கம். பாசனப் பெட்டியின் பிளக்கையும் பிடுங்குவேன். பயமில்லை, அதற்குள் ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு, மின்சாரம் போனாலும் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருக்கும்.

பேட்டரி இருந்தால் ஓட்டும்.

இருட்டுகிற நேரத்தில், மாலை ஆறுக்கு, பிளக்கை மறுபடி செருகுவேன். பெட்டிக்கு அப்போது நள்ளிரவு பன்னிரண்டு. அதன் காலை ஆறு மணி எனக்கு நடுராத்திரி. அது தன் கடமையை நள்ளிரவில் முடித்துவிடும். நான் காலையில் காப்பியோடு போய் நின்று, தண்ணீர் வரவில்லையே என்று பதறி, பரிசோதனைப் பொத்தானை அழுத்துவேன். ஆறும் ஓகே. கடிகாரம் தவறாகக் காட்டியதைப் பார்க்கவில்லையா என்று கேட்கலாம். பார்த்தேன். ஆனால் நான் தயாரித்த பரிசோதனைப் பட்டியலில் கடிகாரம் இல்லை.

பேட்டரி எங்கே போனது என்றால், என் மல்ட்டிமீட்டருக்குள். மீட்டரின் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. விதுரைக்கு இறங்கிப் போய் வாங்கிவரச் சோம்பல். பெட்டியில் ஒன்று சும்மாதானே கிடக்கிறது என்று எடுத்துப் போட்டுக்கொண்டேன். எடுத்தது எதற்கு? பெட்டியைப் பரிசோதிக்க. மனைவியிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை. அவள் பத்திரிகை வாசிப்பதில்லை என்ற தைரியத்தில் இங்கே எழுதுகிறேன்.

இனி வெள்ளரி. அந்த வருடம் இடவப்பாதி நேரத்துக்கு வந்தது. மழை விடாமல் பெய்த ஒரு வாரம் கழித்து, மழைமறைக்குள் செடிகள் மதியத்தில் துவள ஆரம்பித்தன. காலையில் நிமிரும், மதியம் துவளும், பிறகு காலையிலும் நிமிரவில்லை. ஊரே நீரில் மிதக்கும்போது செடி வாடினால் எந்த மனிதனுக்கும் தோன்றுவது ஒன்றுதான்: தண்ணீர் மிஞ்சிவிட்டது, வேர் அழுகுகிறது. எனக்கும் அதுவே தோன்றியது. பெட்டியில் பருவத்துக்கேற்ப நீரளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி உண்டு. நூறு விழுக்காட்டில் இருந்ததை ஐம்பதுக்கு இறக்கினேன். உண்மையில் போய்க்கொண்டிருந்தது பூஜ்யம். பூஜ்யத்தில் பாதியாக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

வாட்டம் கூடியது. வாடல் நோய்தான் என்று முடிவுகட்டி, சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா மருந்து வாங்கிவந்து, லிட்டருக்கு 20 கிராம் கலந்து, ஒவ்வொரு செடியின் தூரிலும் ஒரு குவளை ஊற்றினேன். சாயங்காலம் செடியெல்லாம் நிமிர்ந்து நின்றன! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாக்டீரியா எப்படி நோய்க்கிருமியை எதிர்க்கிறது என்று ஒரு சிற்றுரையும் ஆற்றினேன். அந்தக் குவளையில் பாக்டீரியாவோடு சேர்ந்து தண்ணீரும் இருந்தது என்பது யாருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் மறுபடி துவண்டது. மறுபடி சூடோமோனாஸ், மறுபடி உயிர். மருந்து அபாரம், ஆனால் நோய் திரும்பத் திரும்ப வருகிறது என்று நோட்டில் எழுதினேன்.

இன்னொரு தடயமும் கண்ணெதிரே நின்றது. மழைமறையின் ஓரத்து வரிசைச் செடிகள் மட்டும் பச்சையாக, மதர்ப்பாக இருந்தன. காரணம் கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை: ஓரத்தில் காற்றோட்டம் அதிகம், ஆகவே நோய் குறைவு.

கடைசியில்தான் பாசனத்தின் மேல் சந்தேகம் வந்தது. அதுவும் தண்ணீர் வரவில்லை என்றல்ல. எங்கோ கம்பி ஈரமாகி, வால்வு தப்பான நேரத்தில் திறந்து, தண்ணீர் மிஞ்சுகிறது என்ற சந்தேகம். கையேட்டை எடுத்து ஒழுங்காகப் பரிசோதனையில் இறங்கினேன். முதல் வரி: மழை உணரியின் சுவிட்சை விலக்கு நிலைக்குத் தள்ளவும். தள்ளினேன். பொத்தானை அழுத்தினேன். ஆறு மண்டலமும் ஓகே. போய்ப் பார்த்தேன், டிரிப்பர் எல்லாம் சொட்டின. கடைசி வரி: சுவிட்சைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும். கொண்டுவந்தேன். அந்த இரட்டைக்கோடு போட்ட வரி அன்று எழுதியது. பிறகும் மனம் கேட்காமல் அடிக்கடி ஓட்டிப் பார்த்தேன். மணிக்கு இரண்டு லிட்டர் விடும் டிரிப்பரில் இரண்டு நிமிடத்துக்கு எழுபது மில்லிகூட வராது. ஆனாலும் அந்தச் செடிகள் அதுவரை உயிரோடு இருந்ததற்கு என் பரிசோதனைகளில் சொட்டிய அந்த எழுபது மில்லியும் ஒரு காரணம் என்று பின்னால் விளங்கியது.

பெட்டி நிரபராதி என்றானதும் குற்றவாளி மண்ணுக்கடியில்தான் இருக்க வேண்டும். இனி என் களம். கம்பிகளை இரண்டு முனையிலும் அவிழ்த்துவிட்டு, மீட்டரை உச்ச அளவில் வைத்து, கம்பிக்கும் மண்ணில் அடித்த முளைக்கும் நடுவே மின்தடையைப் பார்த்தேன். நல்ல கம்பியென்றால் மீட்டர் அளவு கடந்தது என்று காட்ட வேண்டும். எனக்குச் சில நூறு கிலோ ஓம் காட்டியது. ஆறு கம்பியிலும், ஏறக்குறைய ஒரே எண். காப்புறை போச்சு, மொத்தக் கேபிளும் ஊறிவிட்டது என்று அறிவித்தேன். கொட்டும் மழையில் தோண்ட ஆரம்பித்தேன்.

பொன்முடிச் சரிவில் மழைக்காலத்தில் மண் தோண்டுவது யாருக்கும் சிபாரிசு செய்யத்தக்கதல்ல. அட்டை ஏறும். உப்பும் புகையிலையும் தேய்த்துக்கொண்டு போனாலும் காதுவரை வரும். மனைவி குடைபிடித்து மேட்டில் நின்று, “டெலிபோன்ல தோண்டித் தோண்டி ரிட்டயர் ஆனீங்க. இங்க வந்தும் தோண்டணுமா?” என்றாள். பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. பழைய கேபிளை உருவி எடுத்து, புதிய கேபிள் போட்டு, மூடி, இரத்தம் வழியும் காலோடு வந்து அளந்தேன். அதே எண்.

தோண்டிய களைப்பில் கை நடுங்கியது. மீட்டர் முனை நழுவிக்கொண்டே இருந்ததால், கருவிப் பெட்டியில் கிடந்த முதலைக் கிளிப் இரண்டை எடுத்து மாட்டிவிட்டுக் கையை எடுத்தேன். எண் மறைந்தது. அளவு கடந்தது. ஒரு முனையை விரலால் முளையில் அழுத்தி, மற்றதைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்தேன். சில நூறு கிலோ ஓம். விட்டேன், மறைந்தது. ஈரக் கையோடு, மீட்டரின் இரண்டு முனைக்கும் நடுவே, மின்சாரம் கசிந்த இடம் நானேதான். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு முதல் வகுப்பில் சொல்வேன் என்றேனே, அந்தப் பாடம் இது: அளக்கும்போது உலோகத்தை விரலால் தொடாதே.

கசிவு ஒன்றைத் தேடிப் புகழ்பெற்றவரும் உலகில் உண்டு. 1930-களில் சிம்ஹா பிளாஸ் என்ற நீர்ப்பொறியாளருக்கு, பாலஸ்தீனத்தில் ஒரு விவசாயி, தண்ணீரே பாய்ச்சாமல் மற்றவற்றைவிட ஓங்கி வளர்ந்த மரம் ஒன்றைக் காட்டினாராம். தோண்டிப் பார்த்தால் குழாய் இணைப்பு ஒன்று சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த ஒழுகலை அவர் மறக்கவில்லை. பிளாஸ்டிக் வந்தபிறகு மகனோடு சேர்ந்து டிரிப்பரை வடிவமைத்தார். 1965-இல் ஹட்ஸெரிம் என்ற கூட்டுப்பண்ணையோடு சேர்ந்து நிறுவனம் தொடங்கினார்கள், இன்றைய சொட்டுநீர்த் தொழில் அங்கிருந்து வளர்ந்தது. அவரும் தோண்டினார், நானும் தோண்டினேன். அவர் எடுத்தது சொட்டுநீர்ப் பாசனம். நான் எடுத்தது நல்ல நிலையில் இருந்த கேபிள்.

எங்களுக்கு உதவிக்கு வருகிற அக்கா ஒருவர் உண்டு. பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளி ஓய்வுபெற்றவர். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம்; பேச்சில் பாதி தமிழ், பாதி மலையாளம். இவ்வளவு நாளும் மகளின் பிரசவத்துக்காக அவர் ஊரில் இல்லை. திரும்பி வந்தவர் மழைமறைக்குள் நுழைந்து, குனிந்து, டிரிப் குழாயைத் தூக்கிப் பார்த்தார்.

“தண்ணி வரலியே சார்.”

“வருது அக்கா. தினமும் ஓட்டிப் பாக்கறேன்.”

“தண்ணி வந்தா இந்தத் துளைக்குக் கீழ மண்ணு கறுத்திருக்கும். இது வெளுத்துக் கெடக்கு பாருங்க.” மண்ணுக்குள் விரலை விட்டு, காய்ந்த பொடியை ஊதிக் காட்டினார். “நீங்க ஓட்டினா வருது. நீங்க போனப்புறம் வரல.”

“மழை இவ்வளவு பெய்யுதே அக்கா...”

“மழை வெளியிலல்லா பெய்யுது சார்? ஓரத்துல சாரல் அடிக்கிற செடி மட்டும் பச்சையா நிக்குது, பாத்தீங்களா?”

மறுநாள் விடிகாலை, அந்த மழைக்காலத்தில் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தேன்: பெட்டி தானாக ஓட வேண்டிய நேரத்தில் அதன் முன்னால் போய் நின்றேன். தூங்குவதற்காகத்தானே பெட்டி வாங்கியது, அதனால் மழை தொடங்கியதிலிருந்து அந்த நேரத்தில் அதை நான் பார்த்ததே கிடையாது. பெட்டியின் கடிகாரத்திலும் ஆறு மணி ஆனது. ஒன்றும் நடக்கவில்லை. திரையில் ஒரு நீர்த்துளி மட்டும் தெரிந்தது. அந்தத் துளியை நான் பல நாள் சாயங்காலங்களில் தூரத்திலிருந்து பார்த்து, தண்ணீர் போகிறது என்று மகிழ்ந்திருக்கிறேன். இப்போது வாசிப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தால், துளியின் மேல் குறுக்கே ஒரு கோடு. கையேட்டில் பொருள் இருந்தது: மழை உணரி பாசனத்தை நிறுத்திவைத்திருக்கிறது.

மழை உணரி என்பது விரலளவு பிளாஸ்டிக் கூடு. உள்ளே ஈரத்தை உறிஞ்சும் வட்டத் தகடுகளின் அடுக்கு. மழை பட்டால் அவை உப்பி ஒரு சின்ன சுவிட்சை அழுத்தும். பெட்டி பாசனத்தை நிறுத்தும். வெயிலில் காய்ந்து சுருங்கினால் மீண்டும் விடும். மழை பெய்யும் நாளில் தோட்டத்துக்கு வீணாகத் தண்ணீர் விடாமல் இருக்க உலகமெங்கும் பயன்படும் நல்ல கருவி. திறந்தவெளிக்கு நல்லது. கூரைக்கடியில் இருக்கும் செடிக்கு எதற்கு? விற்றவர் தரவில்லை, நானே தனியாகக் காசு கொடுத்து வாங்கி, பெருமையோடு ஏணி வைத்து ஏறி, மழைமறையின் கூரை உச்சியில் திருகினேன். இடவப்பாதியில் பொன்முடிச் சரிவில் அந்தத் தகடு காய வழியே இல்லை. மழை விட்ட நேரத்திலும் மேகம் வந்து அதை ஈரமாகவே வைத்திருந்தது. பரிசோதிக்கும்போது மட்டும், கையேடு சொன்னபடி, நான் உணரியை விலக்கி வைத்தேன். முடிந்ததும், கையேடு சொன்னபடி, திரும்பச் சேர்த்தேன்.

உணரியைக் கழற்றிவிட்டு, பெட்டியில் அதற்கான இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டேன். பெட்டியைப் பொறுத்தவரை இனி எப்போதும் வெயில்தான். புதிய ஒன்பது வோல்ட் பேட்டரியும் வாங்கிப் போட்டாயிற்று. வெள்ளரியில் நடுவரிசைகள் தேறவில்லை, ஓரத்து வரிசை காய்த்தது. அக்கா காலையில் வந்ததும் முதலில் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. நோட்டில் அதற்கென்று ஒரு பத்தி கோடு போட்டுக் கொடுத்தேன். அவர் அதில் எதுவும் எழுதுவதில்லை. குறையிருந்தால் வந்து சொல்கிறார், இல்லையென்றால் சொல்வதில்லை.

கழற்றிய உணரியைக் கீழ்வீட்டுக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். திறந்த வெளியில் மிளகு நாற்று வைத்திருக்கிறார், அவருக்குப் பொருந்தும். ஒழுங்காக வேலை செய்கிறது என்று கேள்வி. பரிசோதித்துத் தரட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். வேண்டாம் சாரே, நல்லா இருக்கு என்று கையெடுத்துக் கும்பிட்டார்.